ஒரு லட்சத்து ஐம்பத்து நாலாயிரத்து நானூற்று முப்பத்து மூன்று

தலைப்பைப் பார்த்துவிட்டு இது கணக்குப் புத்தகம் என்று யாரும் மூடிவைத்துவிட வேண்டாம். அது எங்கள் பிரஜாவுரிமை மனுவின் எண். முன்னால் இரண்டு ஆங்கில எழுத்துகளும் ஒரு சாய்கோடும் இருந்தன. அவற்றை நான் ஒருநாளும் பொருட்படுத்தியதில்லை. 154433. ஆறே இலக்கம். ஏறக்குறைய பதினைந்து வருடம் அதோடு குடும்பம் நடத்தினேன். என் மனைவியைக் கேட்டால், தன்னோடு நடத்தியதைவிட அதோடுதான் ஒழுங்காக நடத்தினேன் என்பாள்.

இலங்கையில், ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பள்ளிக்கூட வாத்தியார். ஒரே மண்டபம், தகரக் கூரை, ஐந்து வகுப்பு, ஒரு வாத்தியார். மழை வந்தால் தகரத்துச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்காது, பிள்ளைகளைச் சிலேட்டில் கணக்குப் போடச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பேன். அங்கே மழை இல்லாத மாதம் எது என்று யோசித்துத்தான் சொல்ல வேண்டும். குடியிருந்தது லயம் என்ற தொழிலாளர் வீட்டு வரிசையில், கடைசிக் காம்பராவான ஒற்றை அறையில். அடுத்த காம்பராவில் என் அக்கா. கொழுந்து பறிப்பவள், கணவன் இறந்த பிறகு தனியாக இருந்தாள். நாங்கள் இருவரும் அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர்கள். மனைவி மட்டும் திருச்சிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள்.

1948இல் ஒரு சட்டம் வந்து, நாங்கள் இங்கே பிறந்தது போதாது என்றது. அடுத்த வருடம் இன்னொரு சட்டம் வந்து, இத்தனை வருடம் இடைவிடாமல் இங்கேயே வாழ்ந்தோம் என்று காட்டினால் மனுப் போடலாம் என்றது. நான் மட்டும் வாழ்ந்தால் போதாது, மனைவியும் வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் நாட்டைவிட்டுப் போயிருந்தால் இடையில் விட்டுப்போனதாகக் கணக்கு.

என் மனைவி போயிருந்தது பன்னிரண்டு மாதமும் பத்தொன்பது நாளும்.

அந்தப் பத்தொன்பது நாளுக்குக் காரணம் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சொல்ல வேண்டிய இடத்தில் நான் சொல்லவில்லை.

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவது எங்களுக்குள் எழுதாத சட்டம். வயிறு பெரிதாகிவிட்டால் கப்பலில் கஷ்டம் என்று ஐந்தாம் மாதம் முடிந்ததுமே தலைமன்னார் வழியாக அனுப்பிவைத்தேன். பெண் குழந்தை பிறந்தது. பிள்ளையைத் தகப்பன் வீட்டுக்குக் கொண்டுவருவதற்கும் ஒரு முறை இருக்கிறது: மூன்றாம் மாதம், ஐந்தாம் மாதம், ஏழாம் மாதம் என்று ஒற்றைப்படை மாதத்தில்தான் கொண்டுவர வேண்டும். மூன்றில் பச்சை உடம்பு என்று விடவில்லை. ஐந்தில் மழை வெள்ளம். ஏழில் குழந்தைக்குக் காய்ச்சல். எட்டாம் மாதம் பிறந்ததும், "இப்ப நல்லா இருக்கா, தெரிஞ்சவங்க ஒரு குடும்பம் கொழும்புக்குப் போகுது, அவங்களோட வந்துடட்டுமா?" என்று மனைவி எழுதிக் கேட்டிருந்தாள்.

அக்காவிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன்.

"எட்டாம் மாசமா? ரெட்டப்படையாச்சே தம்பி," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள்.

பல வருடம் நான் பழியை அக்காவின் தலையில் போட்டுப் பார்த்தேன். அது நிற்கவில்லை. அவளுக்கு எழுதத் தெரியாது. எழுதியவன் நான். ஒற்றை, இரட்டை என்பதெல்லாம் இரண்டால் வகுத்தால் மீதி வருகிறதா இல்லையா என்பதுதான், அதற்கு மேல் அதில் ஒரு மண்ணும் இல்லை என்று இரண்டாம் வகுப்புக்கு வருடா வருடம் சொல்லிக்கொடுக்கும் அதே ஆள், "எட்டு வேண்டாம், ஒன்பதாம் மாதம் பிறந்ததும் புறப்படு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதல் குழந்தை. நான் இன்னும் முகம் பார்க்காத குழந்தை. பயமாக இருந்தது, வேறொன்றுமில்லை. ஒன்பது பிறந்து, நல்ல நாள் பார்த்து, ரயிலேறி, மண்டபம் முகாமில் நோய் இல்லை என்று பார்ப்பதற்காக நிறுத்திவைத்து, அவள் தலைமன்னாரில் இறங்கியபோது கணக்கு அப்படி ஆகியிருந்தது. பன்னிரண்டு மாதத்துச் சட்டம் அப்போது வந்திருக்கவே இல்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்.

மனுப் போட்டோம். பல மாதம் கழித்து எண் போட்ட துண்டு வந்தது. அக்காவுக்கும் தனியாக ஒன்று வந்தது.

"ஒத்தப்படைதானே?" என்றாள் அக்கா, என் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து.

"மூணுல முடியுது, ஒத்தப்படைதான்."

"கூட்டுனா?"

ஒன்றும் ஐந்தும் நாலும் நாலும் மூன்றும் மூன்றும், இருபது. இரண்டும் பூச்சியமும் இரண்டு என்றேன். அவள் முகம் சுருங்கியது. எனக்கு அது வேறு வகையில் உதவியது: இலக்கங்களின் கூட்டு மூன்றின் மடங்கு இல்லை என்றால் எண்ணும் மூன்றால் வகுபடாது. ஐந்திலோ பூச்சியத்திலோ முடியாததால் ஐந்தாலும் வகுபடாது. மூன்றில் முடிவதால் அது எந்த எண்ணின் வர்க்கமும் இல்லை. எந்த எண்ணைத் தன்னோடே பெருக்கினாலும் கடைசியில் மூன்று வராது. நின்ற நிலையிலேயே இவ்வளவு தெரிந்தது. அதற்குப் பிறகு துண்டைத் தகரப் பெட்டியில் போட்டுவிட்டேன். நாலு வருடம் போல அது அங்கேயே கிடந்தது.

விசாரணைக்கு நுவரெலியாவுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தபோது மகளுக்கு ஏழு வயது. ராகலையிலிருந்து பஸ். மகள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். ஒரு அரசாங்கக் கட்டடத்தின் விறாந்தையில் காலை எட்டு மணியிலிருந்து இரண்டரை மணி வரைக்கும் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். எங்களைப்போல நாற்பது பேர் இருப்பார்கள். யாரும் யாரோடும் அதிகம் பேசவில்லை. பேசினால் வாயில் இருக்கிற தேதிகள் குழம்பிவிடும் என்ற பயம்.

உள்ளே மேசைக்குப் பின்னால் சிங்கள அதிகாரி ஒருவர். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணத்துக்காரர். சுவரோரம் எங்கள் தோட்டத்துப் பெரிய கிளாக்கர், ஆள்வரவு குறிக்கும் செக்ரோல் புத்தகத்தோடு சாட்சிக்கு வந்திருந்தார். அவர் அங்கே இருந்ததைக் கவனமாகச் சொல்கிறேன். அதற்கு முந்தின மாதம்தான் தோட்டத்து மண்டபத்தில் ஒரு கூட்டத்தில், நாளும் நேரமும் பார்த்து நம் சனம் கெட்டுப்போகிறது என்று நான் முழங்கியிருந்தேன். முன் வரிசையில் இருந்து பெரிதாகக் கை தட்டியவர் அவர்.

அதிகாரி கெட்டவர் இல்லை. காகிதங்களைப் புரட்டினார். தேதிகளை விரல்விட்டு எண்ணினார், எண்ணிவிட்டு இன்னொரு தடவை எண்ணினார். பிறகு மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ சொன்னார். அவர் என் மனைவி பக்கம் திரும்பினார்.

"பன்னிரண்டு மாசத்துக்கு மேலை பத்தொன்பது நாள் அங்கை நிண்டிருக்கிறீங்கள். ஏன் பிந்தினனீங்கள் எண்டு ஐயா கேக்கிறார். தக்க காரணம் இருந்தால் சொல்லுங்கோ, எழுதலாம்."

மனைவி என்னைப் பார்த்தாள்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது கோப்பின் மேலட்டையை. அதில் என் எண்ணைக் கறுப்பு மையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள். ஆறிலக்க எண் ஒன்றை ஏழு, பதினொன்று, பதின்மூன்று மூன்றாலும் ஒரே வீச்சில் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. எண்ணை நடுவே வெட்டி, ஒரு பாதியை மற்றதிலிருந்து கழித்து, மிஞ்சுவதை வகுத்துப் பார்த்தால் போதும். 433இலிருந்து 154 போனால் 279. ஏழு முப்பத்தொன்பது இருநூற்று எழுபத்து மூன்று, மீதி ஆறு. பதினொன்றில் மீதி நாலு. பதின்மூன்றில் மீதி ஆறு. இந்த மூன்றில் எதனாலும் வகுபடவில்லை. அந்த அறையில், அந்த நேரத்தில், என் மனைவி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, நான் செய்தது இதுதான். பெரிய கிளாக்கருக்கு முன்னால், வாத்தியார் எட்டாம் மாதத்துக்குப் பயந்தார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எண்ணுக்குள்ளே போய் ஒளிந்துகொண்டேன்.

"நான்தாங்க," என்றாள் மனைவி. "எங்க அம்மாவ விட்டுட்டு வர மனசு வரல. அங்கேயே இருந்துட்டேன்."

மொழிபெயர்ப்பாளர் உடனே மொழிபெயர்க்கவில்லை. "யோசிச்சுச் சொல்லுங்கோ அம்மா," என்றார்.

"யோசிக்க ஒண்ணும் இல்லீங்க. அதான் நடந்துச்சு."

அவர் சொன்னார். அதிகாரி எழுதினார். அவள் சொன்னதைவிட அதிக நேரம் எழுதினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள் அவள் மடியில் தூங்கிவிட்டாள். கண்டபொல தாண்டின பிறகு, "ஏன் அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன். கேட்க எனக்கு என்ன தைரியம் என்று இப்போது தோன்றுகிறது.

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்," என்றாள். "ஏதாவது சொல்லணுமே."

முடிவு தபாலில் வரும் என்றிருந்தார்கள். சனிக்கிழமை பகலில்தான் தோட்டத்துத் தப்பால்காரர் பள்ளிக்கூடத்து வழியாகப் போவார். தூரத்திலேயே கையை ஆட்டிக் காட்டிவிடுவார், ஒன்றுமில்லை என்று. அவர் வளைவில் மறைந்ததும் நான் மேசையில் உட்கார்ந்து ஒரு அப்பியாசக் கொப்பியைத் திறப்பேன். நுவரெலியாக் கடைத்தெருவில் வாங்கிய, அட்டையில்லாத ஆங்கிலக் கணக்குப் புத்தகம் ஒன்று என்னிடம் இருந்தது. எண்களை இனம் பிரிப்பது பற்றி அதில் ஒரு அத்தியாயம். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதனாலும் மீதியில்லாமல் வகுபடாதது முதன்மை எண். வேறு எண்களைப் பெருக்கி வருவது சேர்த்தி எண். 154433 எந்த இனம்? அதைக் கண்டுபிடிப்பதாக முடிவு செய்தேன். எங்களை எந்த இனத்தில் சேர்ப்பது என்று யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து முடிவு செய்துகொண்டிருந்தார். நானும் எதையாவது முடிவு செய்ய வேண்டும் போல இருந்தது.

வழி எளிது. வர்க்கமூலம் வரைக்கும் உள்ள முதன்மை எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். இதன் வர்க்கமூலம் 393க்கு மயிரிழை குறைவு. அதுவரை எழுபத்தேழு முதன்மை எண்கள். ஆறு ஏற்கெனவே முடிந்தவை. சனிக்கிழமைக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டேன். ஒரே நாளில் பத்துப் பதினைந்து செய்யலாம்தான். செய்து முடித்துவிட்டால் அடுத்த சனிக்கிழமை கையை ஆட்டிவிட்டு அவர் போன பிறகு நான் என்ன செய்வேன்?

"அந்த நம்பர்ல என்னதான் இருக்கு?" என்று மனைவி ஒருநாள் கேட்டாள்.

"முதன்மை எண்ணான்னு பாக்குறேன்."

"தெரிஞ்சா கடுதாசி வந்துடுமா?"

"வராது."

"அப்ப விறகு கொண்டாங்க."

ஒரே ஒரு சனிக்கிழமை எனக்குச் சந்தோஷம் தந்தது. பத்தொன்பதால் வகுத்த நாள். ஈவு 8128 என்று வந்தது. தன்னைத் தவிர்த்த மற்றக் காரணிகளைக் கூட்டினால் தானே வருகிற எண்ணை நிறை எண் என்பார்கள். ஆறு அப்படி: ஒன்றும் இரண்டும் மூன்றும் ஆறு. இருபத்தெட்டு அப்படி. அதற்கடுத்து 496. அதற்கடுத்து 8128தான், அதற்குப் பிறகு கோடிகளில் போய்த்தான் தேட வேண்டும். அப்படிப்பட்ட எண் என் மனுவின் எண்ணுக்குள் உட்கார்ந்திருக்கிறது! கொப்பியைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு ஓடினேன். மனைவி துணி அலசிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் மூச்சு வாங்க விளக்கினேன்.

"மிச்சம் ஒண்ணும் இல்லையா?" என்றாள்.

"ஒண்ணே ஒண்ணு மிச்சம்."

"அப்ப சரியா வரல இல்ல," என்று சொல்லித் துணியைப் பிழிந்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரியாக இருந்ததால் வந்த கோபம். கணக்கில் ஒன்று மீதி என்றாலும் நூறு மீதி என்றாலும் வகுபடவில்லை என்றுதான் அர்த்தம். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஒருநாள் என்றாலும் அப்படித்தான்.

நோய், பரீட்சை, தீபாவளி என்று விட்டுப்போன சனிக்கிழமைகளும் உண்டு. இரண்டு வருடத்துக்குக் கிட்ட ஆகிவிட்டது. அதற்கிடையில் அக்காவுக்குக் கடிதம் வந்தது. அவள் மனு ஏற்கப்பட்டது. அவள் எங்கும் போனதில்லை. நுவரெலியாவுக்கு மூன்று தடவை, ஒரு தடவை இறம்பொடைக்கு ஒரு கல்யாணத்துக்கு. செக்ரோலில் அவள் பெயருக்கு நேரே நாள் தவறாமல் புள்ளி இருந்தது. கடிதத்தை நான் படித்துக் காட்டியதும், "உங்களுதும் வந்துடும் தம்பி, ஒத்தப்படைதானே," என்றாள். அவளுக்கு அந்தப் பத்தொன்பது நாள் பற்றித் தெரியும். காரணம் என்ன என்பதை மட்டும் அவளிடம் நாங்கள் சொல்லவில்லை. அவள் தானாக நினைத்துப் பார்த்தாளா என்றும் எனக்குத் தெரியாது.

383ஆல் வகுத்த சனிக்கிழமை, ரோட்டில் மண் சரிந்து தப்பால்காரர் வரத் தாமதமாகியது. அதனால் அன்றைக்கு வகுத்தலை முதலில் முடித்துவிட்டேன். மீதி 84. கொப்பியை மூடும்போது அவர் வந்தார். கை ஆட்டவில்லை. வாசலில் நின்று செருப்பைக் கழற்றினார்.

நாலைந்து வரிக் கடிதம். பத்தொன்பது நாள் ஒரே ஒரு தடவைதான் அதில் வந்தது. "மனைவியின் வாக்குமூலம்" இரண்டு தடவை வந்தது. தாயைப் பிரிய மனமில்லாமல் இந்தியாவில் தங்கியதாக அவரே சொல்லியிருப்பதால், இந்த நாட்டில் நிரந்தரமாகக் குடியிருக்கும் நோக்கம் இந்தக் குடும்பத்துக்கு இருந்ததாகக் கொள்ள முடியவில்லை. மனு நிராகரிக்கப்படுகிறது.

உண்மையைச் சொல்லியிருந்தால் கிடைத்திருக்குமா? இன்றைக்கும் தெரியாது. கிடைக்காமலும் போயிருக்கலாம். ஆனால் அந்தக் காகிதத்தில் அவளுக்கு இல்லாத மனசை அவள் பேரில் எழுதியிருக்க மாட்டார்கள். ஒன்பதாம் மாதம் பிறந்த அன்றே புறப்பட மூட்டை கட்டியவள் அவள். மேன்முறையீடு செய்யலாம் என்று கடிதத்தின் அடியில் போட்டிருந்தது. பெரிய கிளாக்கர்கூட, "போடுங்க மாஸ்டர், நான் எழுதித் தாறேன்," என்றார். போட்டால் அதே கேள்வி வரும். அதே இடத்தில் நான் நிற்க வேண்டும். தவணை முடியும்வரை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். முடிந்ததும், "முடிஞ்சுபோச்சே," என்று மனைவியிடம் வந்து சொன்னேன்.

கொப்பியை அலமாரிக்குள் தள்ளிவிட்டேன். இன்னும் ஒரே ஒரு எண்தான் பாக்கி இருந்தது, 389. யாருக்கு வேண்டும் அது? எழுபத்தாறு எண்களால் வகுபடாதது எழுபத்தேழாவதால் மட்டும் வகுபட்டுவிடுமா என்று நானே தீர்ப்புச் சொல்லி, அதை முதன்மை எண் என்று மனதில் எழுதிக்கொண்டேன். யாராலும் கூறுபோட முடியாத எண் என்று அதன்மேல் ஒரு வீம்பும் வந்துவிட்டது. மழை நாளில் பிள்ளைகள் சிலேட்டோடு இருக்கும்போது அதை நினைத்துக்கொள்வேன்.

வருடங்கள் போயின. 1964இல் இரண்டு நாட்டுத் தலைவர்களும் உட்கார்ந்து எங்களைப் பிரித்துக்கொண்டார்கள். ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு. மூன்று லட்சம் பேர் இங்கே. மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். லயத்து வாசலில் இருந்து பேப்பரைச் சத்தமாகப் படித்தபோது எல்லாரும் நாம் எந்த லட்சம் என்று கேட்டார்கள். எனக்கு அந்த எண்களின் வால்தான் கண்ணில் பட்டது. எல்லாம் பூச்சியத்தில் முடிந்தன. உயிரோடு இருக்கிற மனிதர்களை ஒவ்வொருவராக எண்ணினால் அப்படி உருண்டையாக வரவே வராது. எண்ணாமல் போட்ட எண் என்று முதலாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

மறுபடியும் இங்கேயே மனுப் போடலாம் என்றார்கள். எனக்குத் தெம்பில்லை. மகள் நன்றாகப் படித்தாள், பரீட்சையில் தேறினாள், அதற்குமேல் எந்த வாசலில் போய் நின்றாலும் பிரஜையா என்ற கேள்வி. இந்தியாவுக்கே எழுதிப் போட்டுவிடுவோம் என்று நான் சொன்னபோது மனைவி, "சரி," என்றாள். அக்கா அன்றைக்கு எங்கள் காம்பராவுக்கு வரவில்லை. மறுநாள் வந்து, போனதும் கடுதாசி போடு, யாரையாவது விட்டுப் படிக்கச் சொல்றேன் என்றாள். அவள் இருந்த இடத்திலேயே இருக்கப் போகிறவள். நாங்கள் போகப் போகிறவர்கள். ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பேர், வேறு வேறு லட்சம்.

போவது என்று முடிவான பிறகு ஒருநாள் பள்ளிக்கூட அலமாரியைச் சுத்தம் செய்யப் போனேன். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள், மூன்று மணி இருக்கும். கரையான் அரித்த வரவுப் பதிவேடுகளுக்கு அடியில் அந்தக் கொப்பி கிடந்தது. கடைசிப் பக்கத்தில், மீதி 84. கீழே பாதிப் பக்கம் காலி. வேறு வேலை இருந்தும் உட்கார்ந்தேன்.

389. மூன்று தடவை போகிறது, மீதி 377. மூன்றை இறக்கினேன். ஒன்பது தடவை, மீதி 272. கடைசி மூன்றை இறக்கினேன். ஏழு தடவை. ஏழு 389, இரண்டாயிரத்து எழுநூற்று இருபத்து மூன்று.

மீதி இல்லை.

நம்பாமல் பெருக்கிப் பார்த்தேன். 389ஐ 397ஆல் பெருக்கினால் 154433. இரண்டுமே முதன்மை எண்கள். இவ்வளவு வருடம் நான் முதன்மை எண் என்று கும்பிட்டது ஒரு சேர்த்தி எண். அதோடு முடியவில்லை. இரண்டு காரணிகளுக்கும் நடுவில் இருப்பது 393. அதன் வர்க்கம் 154449. அதிலிருந்து பதினாறு, அதாவது நாலின் வர்க்கம், போனால் என் எண். வர்க்கத்திலிருந்து வர்க்கம் போனால் மிஞ்சுவது தானாகவே இரண்டாக உடையும்: 393இல் நாலைக் கழித்தால் 389, கூட்டினால் 397. அப்படியென்றால் அடியிலிருந்து எழுபது சனிக்கிழமை ஏறியிருக்கத் தேவையே இல்லை. உச்சியில் நின்று ஒரே ஒரு கழித்தல் செய்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும். அந்தப் புத்தகத்திலேயே அந்த வழி இருந்தது. அந்தப் பக்கத்தை நான் புரட்டவில்லை.

கோபம் வரும் என்று பார்த்தேன், சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் அதோடு விளையாடினேன். காரணிகளைக் கூட்டினேன்: ஒன்றும் 389ம் 397ம் சேர்ந்து 787. தன்னில் பாதிகூட இல்லை, அதனால் குறை எண் என்ற வகுப்பு. 383இன் வர்க்கமும் 88இன் வர்க்கமும் சேர்ந்தாலும் இதே எண் வருகிறது; 263இன் வர்க்கமும் 292இன் வர்க்கமும் சேர்ந்தாலும் வருகிறது. இதற்கெல்லாம் அர்த்தம் தேடுகிறவன் இல்லை நான். எங்களைப் பற்றி அந்த எண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் இதை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்று இருந்தது. அலமாரியை அப்படியே விட்டுவிட்டுக் கொப்பியோடு லயத்துக்கு நடந்தேன். மேடு ஏறுகிற கால் வலிகூடத் தெரியவில்லை.

மனைவி காம்பரா வாசலில் பலகையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் இந்திய விண்ணப்பத் தாள். தோட்டத்து ஒப்பீசிலிருந்து மகள் வாங்கிவந்து கொடுத்திருக்கிறாள். மனைவிக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இதுலயும் கேட்டிருக்காங்க. எப்ப போனோம், எப்ப வந்தோம்னு."

"ஆமா, கேப்பாங்க."

"கூப்புட்டும் விசாரிப்பாங்களா?"

"விசாரிக்கலாம்."

அவள் அந்த வரியை விரலால் தடவி இன்னொரு தடவை எழுத்துக்கூட்டினாள். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"கேட்டாங்கன்னா, இந்தத் தடவ நான் என்ன சொல்லணும்?"

குத்திக் காட்டவில்லை. அவளுக்குக் குத்திக் காட்ட வராது. உண்மையாகவே கேட்டாள், மறந்துவிடாமல் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும் என்பதுபோல. கொப்பியை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டேன்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நான் சொல்றேன். நான்தான் எட்டாம் மாசம் வேணாம்னு எழுதுனேன், அவ அப்பவே வரத் தயாராத்தான் இருந்தா, அப்படின்னு சொல்றேன். யார் இருந்தாலும் சொல்றேன்."

அவள் தாளை மடியில் நீவிச் சரிசெய்தாள்.

"இந்தியாக்காரங்ககிட்டயா?" என்றாள். "இவங்களுக்கு அது எதுக்குங்க? நான் அங்கேயே இருந்துட்டேன்னு சொன்னா, இவங்க சந்தோசமால்ல எடுத்துக்குவாங்க."

பிறகு கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று கேட்டாள். காட்டினேன்.